மருந்து அடிக்கும் முன் பூச்சியை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓர் அருங்காட்சியகத்தில் பழைய புத்தகங்களும் சுவடிகளும் பூச்சி அரித்துக் கிடப்பதாக உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். படமும் போட்டிருந்தீர்கள், குண்டூசியால் குத்திவைத்ததுபோல முதுகெல்லாம் ஓட்டையாக ஒரு புத்தகம். செய்தி "விரைவில் பூச்சி மருந்து அடிக்கப்படும் என்று அதிகாரிகள் தெரிவித்தனர்" என்று முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அந்த வரியை முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். கேட்டது மட்டுமா, நானே என் கையால் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியும் இருக்கிறேன்.

நான் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பராமரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்பது வேண்டாம், அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், இப்போதும் போனால் டீ வாங்கித் தருகிறார்கள். அங்கே வருடா வருடம் மார்ச் மாதம் மருந்து அடிப்பார்கள். ஏன் மார்ச்? பூச்சிக்கும் மார்ச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நிதியாண்டு முடிவதற்குள் அந்தத் தலைப்பில் இருக்கும் பணத்தைச் செலவழித்தாக வேண்டும், அவ்வளவுதான். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் வருவார், சுவர் ஓரமாக அடித்துக்கொண்டே போவார், மூன்று நாள் எங்களுக்குத் தலைவலி. பூச்சி எங்கே இருக்கிறது, என்ன பூச்சி, அடித்த பிறகு குறைந்ததா என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பீரோவுக்குள் புத்தகத்தின் முதுகுக்குள் புழு உட்கார்ந்திருக்கிறது, மருந்து வெளியே தரையில் இருக்கிறது. ஒன்றும் ஆகாது. அப்புறம் ரசகற்பூர உருண்டை. ஓட்டை பீரோவில் நாலு உருண்டையைப் போட்டு வைத்தால் நமக்கு மூக்கு எரியுமே தவிர உள்ளே இருக்கும் புழு சாகாது.

சரி, வேறு என்ன செய்வது? எனக்கு விடை கிடைத்தது அருங்காட்சியகத்தில் இல்லை, என் தம்பியின் தென்னந்தோப்பில். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் வாளி கட்டி, மூடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தைத் தொங்க விடுவார்கள். லூர் என்பார்கள், வேளாண்மைத் துறைப் புத்தகத்தில் இனக்கவர்ச்சிப் பொறி என்று இருக்கும். வண்டு தன் இனத்தைக் கூப்பிட விடுகிற வாசனையை ஆய்வகத்தில் செய்து அந்தப் பொட்டலத்தில் அடைத்திருக்கிறார்கள். தம்பி வாளிக்குள் கையை விட்டு வண்டுகளை அள்ளிப் போட்டு, "இந்த வாரம் பதினாலு, போன வாரம் ஒம்பது" என்று காலண்டர் பின்பக்கம் எழுதினான். எட்டாவது வரை படித்தவன். பட்டப்படிப்பு படித்து அரசாங்கச் சம்பளம் வாங்கிய நான் என் பீரோவில் எத்தனை பூச்சி என்று ஒரு நாளும் எழுதி வைத்ததில்லை. அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இந்த வாசனைச் சமாச்சாரம் ஒன்றும் புதிதில்லை. 1959-ல் ஜெர்மனியில் அடோல்ஃப் பூட்டநாண்ட் என்பவர் சுமார் ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு, பெண் பூச்சி ஆணை அழைக்க விடும் பொருளைப் பிரித்துக் காட்டினார். இப்படிப்பட்ட அழைப்பு வாசனையைக் குறிக்கும் பெரோமோன் என்ற சொல்லே அந்த வருடம் உண்டானதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு பூச்சிக்காகக் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள். எங்கள் அருங்காட்சியகத்தின் எதிரி சிகரெட் வண்டு. அதன் அழைப்பு வாசனைக்குச் செரிகார்னின் என்று பெயர், 1979-ல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். புகையிலைக் கிடங்குக்காரர்களுக்காகச் செய்த வேலை, மசாலாக் கிடங்குக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள், வெளிநாட்டு அருங்காட்சியகங்களும் எடுத்துக்கொண்டன.

சிகரெட் வண்டு என்றதும் யாருக்கும் புரியாது. உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில், பழைய மல்லித்தூள், விரலி மஞ்சள், வரமிளகாயில் செம்பழுப்பாக, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, தலையைக் குனிந்து முதுகைக் கூனிக்கொண்டு ஒரு வண்டு ஊருமே, அதுதான். தொட்டால் செத்த மாதிரி கிடக்கும். சமையலறையில் மல்லியைத் தின்கிறது, அருங்காட்சியகத்தில் மூலிகைகளை உலர்த்தி ஒட்டிவைத்த தாள்களையும், பைண்டிங்கில் தடவியிருக்கும் மாவுப் பசையையும் தின்கிறது. பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது சும்மா இல்லை. எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த பொருள்களுக்குள்ளும் இந்த வண்டின் உடல்கள் இருந்தனவாம், அதனால் நம் மார்ச் மாதத்து டப்பாவைப் பார்த்து அது பயந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

வேளாண்மைக் கல்லூரியில் படித்த ஒரு பையன் எங்கள் கூடத்தைப் பார்க்க வந்தான். பேச்சு வாக்கில் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த மாதம் சிகரெட் வண்டு லூர் எட்டும், கூடாரம் மாதிரி மடிக்கிற ஒட்டும் அட்டைகளும் கொண்டு வந்து கொடுத்தான். குளிரில் வைத்தால் கெடாது என்றான். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் கிடையாது, வீட்டில் வைத்தேன். "பூச்சியக் கூப்பிடற சமாச்சாரத்தக் கொண்டாந்து மாவுச் சட்டிக்குப் பக்கத்துல வெச்சிருக்கீங்களே" என்று வீட்டில் பிடித்துக்கொண்டாள். நியாயமான கேள்விதான். நம் மூக்குக்கு ஒரு வாசனையும் தெரியாது, பொட்டலம் பிரிக்காமல் இருக்கும்வரை பயமில்லை என்று எடுத்துச் சொல்ல ஒரு ராத்திரி ஆயிற்று.

கட்டடத்தின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு, ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுத்து, பொறிகளை மார்பு உயரத்தில் மாட்டினேன், விழுந்த எண்ணிக்கையை வாரா வாரம் ஒரு நோட்டில் எழுதினேன். முதல் தவறு என்னுடையது. மூன்றாம் எண்ணை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டேன். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மளிகைக் கிடங்கு. ஒரே வாரத்தில் அட்டை கருத்துவிட்டது, மேலதிகாரி பார்த்துவிட்டு "என்னய்யா, பொறி வெச்சதும்தான் பூச்சியே வருது" என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. கிடங்கில் இருந்த வண்டை நான்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறேன். தென்னந்தோப்பிலும் இதேதான் சொல்வார்கள், வாளியைக் கொண்டுபோய் மரத்திலேயே கட்டாதே என்று. ஜன்னல், வாசல், வெளிக்காற்று வரும் இடம் எதிலும் வைக்கக் கூடாது. உள்ளே தள்ளி மாட்டிய பிறகு எண்ணிக்கை இறங்கிவிட்டது.

ஐந்தாம் எண் மட்டும் இறங்கவில்லை. மற்றவற்றில் வாரத்துக்கு ஒன்று, இரண்டு, சில வாரம் ஒன்றுமே இல்லை. ஐந்தில் இருபதுக்குக் குறையவில்லை. அதன் பக்கத்தில் புத்தகமும் இல்லை, சுவடியும் இல்லை, நடுகல் ஒன்றும் ஒரு மர அலமாரியும்தான். கல்லை எந்த வண்டு தின்னும்? இரண்டு வாரம் நானும் காவலாளியும் அந்த மூலையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் அலமாரிக்குப் பின்னால் இருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், "மாவட்டத்தின் விளைபொருள்கள்" என்று யாரோ ஒரு காலத்தில் வைத்த காட்சி. கண்ணாடிச் சாடிகளில் மஞ்சள், மிளகாய், புகையிலை. பதினைந்து வருடம் இருக்கும். கார்க் மூடிகள் சுருங்கிப் போயிருந்தன. மஞ்சள் சாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன், மஞ்சளே இல்லை, முக்கால் சாடி வெறும் தூள், அந்தத் தூள் அசைந்துகொண்டிருந்தது. நாங்கள் வருடா வருடம் மருந்து அடித்த சுவர் அந்தச் சாடியில் இருந்து நாலடி தூரம்.

சாடிகளை அன்றைக்கே வெளியே கொண்டுபோய் எரித்தோம். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. முட்டையில் இருந்து வண்டாக ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், அதனால் ஏற்கெனவே பரவியிருந்த புழுக்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஐந்தாம் எண் மெதுவாக இறங்கியது, ஆறாவது வாரம் ஏழாம் எண்ணில் ஒரு சின்ன ஏற்றம். ஏழு இருந்தது மூலிகைத் தாள்கள் வைத்த பீரோவுக்கு நேரே. அந்த ஏற்றம் நோட்டில் தெரியாமல் போயிருந்தால் அடுத்த மார்ச் வரை யாரும் அந்தப் பீரோவைத் திறந்திருக்க மாட்டோம். திறந்தோம், நாலே நாலு தாள் கட்டுகளில்தான் புழு. அந்த நாலையும் பாலிதீன் பையில் காற்றில்லாமல் சுற்றி, ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய பழைய பெட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தோம். எடுத்த பிறகு பையை உடனே பிரிக்கக் கூடாது, ஒரு நாள் முழுக்க அப்படியே வெளியே கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் வியர்த்துவிடும். மருந்து ஒரு சொட்டுக்கூடச் செலவாகவில்லை. எல்லாப் பொருளையும் இப்படி ஃப்ரீசரில் போட முடியாது, ஓவியம், தந்தம், அரக்கு வேலை எல்லாம் ஆகாது. தாளுக்கும் துணிக்கும் சரிப்படும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது நூறு பொறி வாங்கித் தொங்கவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். தென்னந்தோப்பு வாளிக்கும் அருங்காட்சியகப் பொறிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காண்டாமிருக வண்டின் லூருக்கு ஆணும் வரும், பெண்ணும் வரும், முட்டையிடும் பெண் வாளியில் விழுந்தால் தோப்புக்கு நேரடி லாபம். சிகரெட் வண்டின் லூருக்கு வருவது ஆண் மட்டும். துணியை அரிக்கும் அந்துப்பூச்சிப் பொறியும் அப்படித்தான். தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு கூடும், அதனால் பத்து ஆணைப் பிடித்தாலும் அடுத்த தலைமுறை வந்தே தீரும். நாசம் செய்கிற புழுவுக்கு அந்த வாசனை ஒரு பொருட்டே இல்லை. மழைமானி வைத்தால் வெள்ளம் வடியுமா? எங்கே எவ்வளவு பெய்தது என்று தெரியும், அவ்வளவுதான்.

எண்ணிக்கையையும் அப்படியே நம்பக் கூடாது. அட்டையில் பத்து என்றால் அறையில் பத்து என்று அர்த்தமில்லை, போன வாரத்தை விட ஏறியதா இறங்கியதா, ஏழாம் எண்ணா ஐந்தாம் எண்ணா, அதுதான் சேதி. சைபர் விழுந்தாலும் சந்தோஷப்பட முடியாது. லூர் இரண்டு, மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும், தீர்ந்த லூரில் பூச்சி விழாது, நோட்டில் சைபர், பீரோவில் கல்யாணம். ஒவ்வொரு லூரும் அதனதன் இனத்துக்குத்தான். கறையானும் இராமபாணப் பூச்சியும் இந்த வாசனைக்குத் திரும்பியும் பார்க்காது. அவற்றுக்குச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் வெறும் ஒட்டும் அட்டையை வைக்க வேண்டும், நடந்து போகிறது தானாக ஒட்டிக்கொள்ளும். அதில் பல்லியும் ஒட்டும். பாவம், கத்தும். பல்லி ஒட்டினால் கடலை எண்ணெய் கொஞ்சம் விட்டு மெதுவாக விரலால் நீவினால் வந்துவிடும், நான் ஏழெட்டைக் காப்பாற்றியிருக்கிறேன். அட்டையில் செத்துக் கிடக்கும் கரப்பானை மாதக் கணக்கில் விட்டு வைத்தாலும் ஆபத்து, அதைத் தின்னவே வேறு வண்டு வரும், தோலையும் இறகையும் அரிக்கிற கம்பள வண்டு வகை. பாடம் செய்த பறவைகள் இருக்கும் கூடத்தில் அது போதும்.

லென்ஸ் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். அட்டையில் ஒட்டியிருப்பது சிகரெட் வண்டா, மருந்துக்கடை வண்டா என்று பார்க்க வேண்டும், வெறும் கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. உணர்கொம்பு ரம்பப் பல் மாதிரி இருந்தால் சிகரெட் வண்டு. நுனியில் மூன்று கணு மட்டும் பெருத்து, முதுகுச் சிறகில் கோடு கோடாக இருந்தால் மற்றது. இது தெரியாமல் எதையோ எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் பழகிவிடும், எங்கள் காவலாளிக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

பிறகு ஏன் நம் அருங்காட்சியகங்களில் இதை அதிகம் பார்க்க முடியவில்லை? பணம் காரணமில்லை, ஒரு தடவை மருந்து அடிக்கும் செலவில் வருடம் முழுக்கப் பொறி ஓட்டலாம். அறிவும் காரணமில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் முறைப் பாதுகாப்புக்கு ஆய்வகம் தொடங்கிய ஊர் இது. காரணம் அந்த எண்ணிக்கை நோட்டு. பொறி வைத்தால் எண்ண வேண்டும், எண்ணினால் எழுத வேண்டும், எழுதினால் யாராவது வந்து "இத்தனை பூச்சியா? என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்பார்கள். பொறியே இல்லை என்றால் பூச்சியும் இல்லை, பதிவேடு சுத்தம், மருந்து அடித்த ரசீது இருக்கிறது, தணிக்கை முடிந்தது. என் மேலதிகாரி இதை வாய்விட்டே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் ஓய்வு பெற்ற பிறகு நோட்டும் நின்றுவிட்டது.

அதனால் துறையில் இருப்பவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஆய்வுக்கு வரும் அதிகாரி "மருந்து அடித்தாயிற்றா" என்று கேட்பதை நிறுத்திவிட்டு "பொறி நோட்டைக் காட்டு" என்று கேட்கட்டும். அதில் எண்ணிக்கை ஏறியிருந்தால் மெமோ கொடுக்காமல், கண்டுபிடித்த ஊழியனைத் தட்டிக்கொடுக்கட்டும். வருடம் முழுக்கச் சைபர் எழுதியிருப்பவனைச் சந்தேகப்படட்டும். நோட்டைப் பார்த்த பிறகும் மருந்துதான் வேண்டும் என்றால் அடிக்கட்டும், நான் மருந்தே கூடாது என்கிற கட்சி இல்லை. ஆனால் எந்த அறைக்கு, எந்தப் பூச்சிக்கு என்று தெரிந்து அடிக்கட்டும். நெல் மூட்டைக்கு வைக்கும் பாஸ்பைடு மாத்திரையைப் பூட்டிய கூடத்தில் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். அதில் இருந்து வரும் வாயு செம்பையும் வெண்கலத்தையும் அரிக்கும். பூச்சிக்குப் பயந்து சோழர் காலச் செப்புத் திருமேனியைக் கெடுத்துக்கொள்வதா?

இங்கிலாந்தில் 2017-ல் 'இங்கிலிஷ் ஹெரிடேஜ்' என்ற அமைப்பு வேறு மாதிரி யோசித்தது. பழைய மாளிகைகளையும் கோட்டைகளையும் பார்க்க வந்தவர்களிடம் அந்துப்பூச்சிப் பொறியை இலவசமாகக் கொடுத்து, வீட்டில் வைத்து எத்தனை விழுந்தது என்று எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்டது. எங்கள் வீட்டில் பூச்சி இருக்கிறது என்று ஊருக்கே சொல்லச் சொன்னால் நம் ஆட்கள் சொல்வார்களா என்பது வேறு விஷயம். ஆனால் எண்ணுகிற வேலைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்தால் நம் ஊரில் நிச்சயம் நடக்கும். சனிக்கிழமை காலையில் நாலு பிள்ளைகளும் ஒரு லென்ஸும் இருந்தால் எட்டு அட்டைக்கு அரை மணி நேரம்.

கூடம் பார்க்க வருகிற வாசகர்களுக்கும் ஒன்று. பீரோவுக்குப் பக்கத்தில் முக்கோணமாக மடித்த அட்டை தெரிந்தால் அது குப்பையில்லை, எடுத்துப் பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் பொட்டலத்தைத் தொட்ட கையோடு வேறு அலமாரியைத் தொட்டால் அங்கேயும் வண்டுக்கு அழைப்பு போய்விடும். அப்புறம் முறுக்குப் பொட்டலத்தைத் தயவுசெய்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

செய்தியில் வந்த அந்த அருங்காட்சியகத்துக்கு மருந்துக்காரர் வருவதற்கு இன்னும் நாள் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் ஒரு மாதம் எட்டுப் பொறி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ண ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், வாரம் ஒரு நாள், பஸ் கட்டணம்கூட வேண்டாம். லென்ஸ் என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அருங்காட்சியக ஊழியர்,
பொள்ளாச்சி.
(பெயரை வெளியிட வேண்டாம், பழைய அலுவலகத்தில் இன்னும் டீ குடிக்கப் போக வேண்டியிருக்கிறது.)